ஆம்னிக்கு மெத்தை தைக்கும் மருமவனுக்கு

ஏலே மருமவனே, சீட்டு முச்சூடும் கழத்தி வாசல்ல வரிசையா போட்டிருக்கியே, அதைச் செத்த உள்ள எடுத்துப் போடு. காலையில இருந்து நாலு பேரு தெருவுல நின்னு மெத்தையப் பாக்காவ, என்னையப் பாக்காவ, பொறவு குரலத் தாழ்த்தி, "ஆச்சிக்கு மேலுக்கு எப்படி இருக்கு?"ன்னு கேட்டுட்டுப் போறாவ. நம்ம ஊருல படுக்கையத் தூக்கி வெளிய போட்டா அதுக்கு ஒரே அர்த்தந்தான். ஒங்க அத்தை அடுப்பாங்கரையில தாளிக்கிற சத்தம் கேக்குதுல்லா? அவளை உசுரோட அனுப்பி வச்சிராத.

நீ மெட்ராஸ்ல பத்து வருசமா உக்காந்தே சம்பாதிச்சவன். இப்ப லீவுக்கு வந்து, உக்காருததுக்கே மெத்தை தைக்கப் போறேன்னு நிக்க. "வண்டிக்குள்ளயே படுத்து எந்திரிச்சு ஊரு ஊரா சுத்தப் போறேன் மாமா, எல்லாம் என் கையாலயே செய்வேன்"னு நீ சொன்னப்ப நான் சிரிக்கல பாத்தியா? பெருந்தன்மைன்னு நினைச்சிராத. பல்லு கட்டி நாலு நாளுதான் ஆச்சு, சிரிச்சா கழண்டு விழுது.

வண்டி வாங்குனதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. 1984-ல மாருதி வேன்னு பொறந்து, 1988-ல ஆம்னின்னு பேரு மாத்தி, 2019 வரைக்கும் வந்த வம்சம் அது. பால் கேன் ஏத்தும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள ஏத்தும், ஆசுபத்திரிக்கு ஆளு ஏத்தும், திரும்பி வரும்போது அதே ஆளை வேற மாதிரியும் ஏத்தும். சினிமாக்காரன்தான் பிள்ளை புடிக்கவனை அதுல ஏத்தி விட்டு அது பேரைக் கெடுத்துட்டான். நீ தாடி வேற வளத்திருக்க. பள்ளிக்கூடம் விடுத நேரத்துல மட்டும் அந்தப் பக்கம் வண்டிய நிறுத்திராத. ஜாமீனுக்கு வர எனக்கு முட்டி வலி.

வித்தவன் யாருன்னு நான் கேக்க மாட்டேன். "ஒரே ஆளு ஓட்டுன வண்டி அண்ணாச்சி, நெழல்லயே நின்னது"ன்னு சொன்னானாம்லா. நெழல்ல நின்னிருக்கும், மறுக்கல. தண்ணியிலயும் நின்னிருக்கே! பின் சீட்டுக்கு அடியில விரல விட்டுப் பாத்தேன், பொடி வண்டல் வருது. இது சாக்கடை மண்ணு இல்லடே, ஆத்து வண்டல். 2023 டிசம்பர் 17, 18 தேதி மழை ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாளுல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, தாமிரபரணி நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்து நின்னுச்சு. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நகர முடியாம நின்னு, 800 பேரு மாதிரி மாட்டிக்கிட்டாவ. வண்டிக்குள்ள படுத்து எந்திரிக்க சுகம் எப்படி இருக்கும்னு அந்தப் பெட்டியில ராத்திரியக் கழிச்சவங்களைக் கேட்டா கதை கதையா சொல்லுவாவ. அந்த வெள்ளம் பாத்த சீட்டைத் தொடச்சு, மேல சென்ட்டு அடிச்சு வித்திருக்கான். அல்வா ஊருக்கே வந்து ஒனக்கு அல்வா குடுத்துட்டுப் போயிருக்கான். சரி விடு, வாங்கித் தின்னாச்சு.

இப்ப நீ என்ன பண்ணப் பாக்க? கிழிஞ்ச உறையக் கழத்திட்டு, உள்ள இருக்க பஞ்சை வெயில்ல காயப்போட்டு, புதுத் துணிய மேல மாட்டி, பளபளன்னு போட்டோ புடிக்கப் பாக்க. அறுபது வயசு மாப்பிள்ளைக்கு மயிருக்கு மையப் பூசி மணவறையில உக்கார வச்ச கதைதான். அந்த நுரைப் பஞ்சைக் கட்டைவிரலால அமுக்கிப் பாரு. எடுத்ததும் எழும்பணும். அமுக்குன பள்ளம் அப்படியே அல்வாத் துண்டு கணக்கா கெடந்தாலும், மஞ்சப் பொடி உதுந்தாலும் அது செத்துப் போச்சுன்னு அர்த்தம். வெள்ளத்துல முங்குனதுக்கு அந்தச் சோதனைகூட வேண்டாம். அதுக்குள்ள போன வண்டலும் பூசணமும் பங்குனி வெயிலுக்கும் வெளிய வராது. நீ மேல படுத்து மூச்சு விடுவ, அது கீழ இருந்து மூச்சு விடும். தூக்கிப் போடு.

ஆனா மேல் உறையத் தூக்கிப் போட்டிராத. ஏல, கத்திரிய கீழ வை! கத்திரியக் கையில எடுத்தா நீயும் ஒங்கப்பன் கணக்காத்தான். அவரு அந்தக் காலத்துல சுவர்க் கடிகாரத்தைப் பிரிச்சுட்டு, மிச்சம் வந்த சக்கரத்தை வச்சு எனக்குப் பம்பரம் செஞ்சு குடுத்தாரு. தையல் பிரிக்க ஊசிய எடுத்து, நூலை மட்டும் ஒவ்வொண்ணா அறு. பிரிக்கதுக்கு முன்னால ஒவ்வொரு துண்டுக்கும் சாக்குக்கட்டியால நம்பர் போடு, எது முன்னால, எது மேலன்னு அம்பு போடு, எதோட எது சேருதுன்னு குறுக்கக் கோடு போடு. அந்தக் கந்தல்தான் ஒனக்கு வாத்தியாரு. அதைப் பழைய பேப்பர்ல வச்சு வரைஞ்சா அதுதான் பேட்டன். புதுசா அளந்து வெட்டுதேன்னு இறங்குனா, வண்டியோட ஒரு பக்கம் 42 அங்குலம் இருக்கும், மறு பக்கம் 41¼ இருக்கும். நாம கட்டுன வீட்டுலயே மூலை சரியா இல்ல, தகரத்துல அடிச்ச வண்டியில இருக்குமா? முன்னால, நடுவுல, பின்னால, மூணு இடத்துல அள. நீ பாக்க வீடியோக்காரன் சென்டிமீட்டர்ல சொல்லுவான், ஃபோம் கடைக்காரர் அங்குலத்துல வெட்டுவாரு. ரெண்டையும் ஒரே பேப்பர்ல எழுதிட்டு, பொறவு மெத்தை சின்னதாப் போச்சுன்னு என் மேல பாயாத.

வண்டியோட மொத்த நீளமே 11 அடி சொச்சந்தான். அதுல முன் சீட்டு ரெண்டையும் கழிச்சுப் பாரு. நீ ஆறடி. எப்படிப் படுப்பன்னு ஒரு தடவை தரையில கோடு போட்டுப் படுத்துப் பாரு. முட்டிய மடக்கிக்கிட்டு, பொறந்த அன்னிக்கு இருந்த கணக்கா.

எங்க காலத்துலயும் இந்த வீட்டோட போற வண்டி இருந்துச்சு, கேட்டியா? வில்வண்டி. நம்ம சீமையில மூணு வில்லு உண்டு. ஒண்ணு கொடை நாளுல வில்லுப்பாட்டுக்காரர் வீசுகோலால அடிக்கது. இன்னொண்ணு பஞ்சு அடிக்கவரு தோள்ல மாட்டிட்டு வருவாரு, தெரு முனையில நரம்பை ஒரு தட்டுத் தட்டுனா 'டொய்ங்'னு சத்தம் வரும், வீட்டுக்கு வீடு பழைய மெத்தையத் தூக்கிட்டு வருவாவ. மூணாவது வில்லு வண்டிக்கு அடியில இருக்கது, இரும்புப் பட்டையா அடுக்கி வச்சது. அது குலுக்கலை வாங்கிக்கிடும். மிச்சக் குலுக்கலை வாங்க உள்ள என்ன போட்டாவ தெரியுமா? வைக்கோல். முழங்கால் உயரத்துக்கு வைக்கோலைப் பரத்தி, அதுக்கு மேல சாக்கு, அதுக்கு மேல பவானி ஜமுக்காளம், அதுக்கு மேல எங்க ஆச்சியோட இலவம்பஞ்சு மெத்தை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் புறப்பட்டா, சட்டி பானை, அரிசி, புளி, கோழி, பிள்ளைகள் எல்லாம் அந்த மெத்தை மேலதான். கல்லிடைக்குறிச்சி தாண்டுததுக்குள்ள எல்லாப் பிள்ளையும் தூங்கிரும், கோழியும் தூங்கிரும்.

அந்த மெத்தையில உள்ள சிறப்பைக் கேளு. போய்ச் சேந்து குடில் போட்டதும் மேல் ரெண்டையும் உருவி உள்ள விரிச்சிருவாவ. அடி வைக்கோலை மாட்டுக்குப் போட்டிருவாவ. திரும்பி வரும்போது அம்பையில புது வைக்கோல். அழுக்கு இல்ல, நாத்தம் இல்ல, துவைக்க வேண்டாம், உக்காந்து வந்த சீட்டை மாடே தின்னு முடிச்சிரும். நீ ஒன் ஃபோமை எந்த மாட்டுக்குக் காட்டுவ? அதைக் குப்பையில போட்டா உன் பேரன் காலத்துலயும் அங்கனயே கெடக்கும்.

ஆனாலும் ஆம்னிக்குள்ள வைக்கோல் போடுன்னு நான் சொல்ல மாட்டேன். இன்ஜினு முன் சீட்டுக்கு அடியில இருக்க வண்டி அது. முன் சீட்டைத் தூக்குனா அடுப்பு. அதனால அந்த ரெண்டு சீட்டையும் தொடாத, கம்பெனிக்காரன் என்ன வச்சானோ அதுவே இருக்கட்டும், உறை மட்டும் மாத்து. ஒன் வீரத்தைப் பின்னால காட்டு. அடுப்புன்னதும் ஞாபகம் வருது, உள்ளயே கேஸ் அடுப்பு வைக்கப் போறேன்னு சொன்னல்லா? 1937-ல ஜெர்மனியில ஓட்டோ பேயர்னு ஒருத்தர் கண்டுபுடிச்ச சரக்குலதான் இந்த நுரைப் பஞ்சு வந்துச்சு. உக்காரச் சுகம். பத்திக்கிட்டா அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் வரும். கதவை அடைச்ச தகரப் பொட்டிக்குள்ள அது வந்தா, தெருக்காரங்க இன்னிக்குக் கேட்ட கேள்விய நாளைக்கு ஒன்னப் பத்திக் கேப்பாவ. சமையல் மரத்தடியில. நம்ம ஆளுங்க குடிலுக்குள்ளயே அடுப்பு வைக்க மாட்டாவ, வெளிய மூணு கல்லு கூட்டித்தான் பொங்குனாவ.

ஃபோம் வாங்கப் போகும்போது 'டென்சிட்டி'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாவ. 32-ங்கான், 40-ங்கான். நீ மண்டைய மண்டைய ஆட்டுவ. அது ஒண்ணும் மந்திரம் இல்ல, ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும்னு சொல்லுத கணக்கு. அதனால தராசு இருந்தா போதும், வாய் வேண்டாம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 4 அங்குலக் கனம் உள்ள துண்டு 40 டென்சிட்டின்னா நாலரைக் கிலோ இருக்கணும். மூணு கிலோ அறுநூறு இருந்தா அது 32. ரெண்டு கிலோன்னு காட்டுச்சுன்னா அது 18, தலகாணிக்குள்ள அடைக்கிற சாதி, ரெண்டு மாசத்துல தோசையாயிரும். எடை மட்டும் பாத்தா பத்தாது, கடினமா மெதுவாங்கது வேற கணக்கு. அதுக்கு ஒரு சோதனைதான் உண்டு: கடையிலயே அது மேல உக்காரு. கடைக்காரர் முறைப்பாரு, முறைக்கட்டும். உக்காந்த இடத்துல பலகை தட்டுப்பட்டா வேண்டாம்னு எந்திரிச்சிரு. அடியில 3 அங்குலம் கெட்டியா, மேல ஒரு அங்குலம் மெதுவா, ரெண்டையும் ஒட்டிக்கிட்டா படுக்கவும் ஆகும், உக்காரவும் ஆகும். பசைய ரெண்டு பக்கமும் பூசி, விரல்ல ஒட்டியும் ஒட்டாம வரும்போது சேரு. அவசரப்பட்டுச் சேத்தா வழுக்கும். சேத்த பொறவு திருத்த முடியாது, கலியாணம் மாதிரி. பசைய வெளிய வச்சுப் பூசு, அதுல வர ஆவிக்குத் தலை சுத்தும், தீயும் புடிக்கும்.

வெட்டும்போது உறைய விட அரை அங்குலம் கூடவே வெட்டு. ஃபோம் உறைக்குள்ள நெருக்கிக்கிட்டு இருந்தாத்தான் சுருக்கம் விழாது. ஒங்க சித்தப்பா கல்யாணச் சட்டை கணக்கா, பட்டன் இப்பத் தெறிக்குமோ அப்பத் தெறிக்குமோன்னு நிக்கணும். ஆக்ஸா பிளேடு நீளமா ஒண்ணு எடுத்து, அமுக்காம, நீள நீளமா இழுத்து வெட்டு. அடுத்து உள்ள நுழைக்கதுதான் பெரிய சண்டை. ஃபோம் துணியப் புடிச்சுக்கிடும், நுழையாது, நீ வியர்த்து ஊத்தி நிப்ப. ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள்ள ஃபோமைப் போட்டு, வாக்குவம் கிளீனர் குழாயால காத்தை உறிஞ்சு. தட்டையா போயிரும். உறைக்குள்ள தள்ளி, பைய ஓட்டை போட்டா உப்பிக்கிட்டு மூலை மூலைக்கும் போய் உக்காரும். பார்க்கவே வேடிக்கையா இருக்கும், எங்கிட்ட அந்த மிஷின் இல்ல, நீ கொண்டு வா, நான் வேடிக்கை பாக்கேன். ஜிப்பை மட்டும் பின் பக்கம் முழு நீளத்துக்கும் வச்சு, மூலை திரும்பி ரெண்டு பக்கமும் ஒரு சாண் வரட்டும். ஜிப்புல சிக்கனம் பாத்தவன் எல்லாம் பிற்பாடு அழுதிருக்கான்.

ரெக்ஸின் போடலாமான்னு கேட்ட. அது இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் ஹைடுங்க ஊருல ஒரு கம்பெனி போட்ட தோல் மாதிரித் துணியோட பேரு. கம்பெனி பேரு போயி, துணிக்கே பேராயிட்டு. அங்க குளிருக்கு ரயில் பெட்டியெல்லாம் அதை ஒட்டுனாவ, சரி. சித்திரை மாசம் பன்னிரெண்டு மணிக்கு வண்ணாரப்பேட்டையில நின்ன வண்டிக்குள்ள ஏறி அது மேல உக்காந்திருக்கியா? வேட்டியோட உக்காந்தா வேட்டி ஒட்டும். நீ போட்டிருக்க அரை டவுசரோட உக்காந்தா தோலே ஒட்டும். எந்திரிக்கும்போது ஒரு சத்தம் வரும் பாரு, நாலு பேரு திரும்பிப் பாப்பாவ. ஏன் நம்ம ஊரு டிரைவர் எல்லாரும் சீட்டுல ஒரு துண்டு விரிச்சிருக்காவன்னு நினைக்க?

அப்படியும் அடிப்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் ரெக்ஸின் வேணும்னா, அதுக்குச் சில வழக்கம் உண்டு. குண்டூசி குத்தாத, குத்துன ஓட்டை மூடாது. துணி காயப்போடுத கிளிப்பால புடிச்சு வை. தையலை நெருக்கிப் போடாத. நெருக்கிப் போட்டா தபால்தலை ஓரம் கணக்கா ஓட்டை வரிசை விழுந்து, ஒரு நாள் நீ உக்காரும்போது அந்த வரிசையிலயே கிழிஞ்சிரும். 4 மில்லிமீட்டருக்கு ஒரு தையல் போதும். ஊசி 16 அல்லது 18 நம்பர். நாலு மடிப்பு சேருத பைப்பிங் மூலையில மிஷினை ஓட்டாத, சக்கரத்தைக் கையால சுத்து. அது ஒங்க அத்தை கல்யாணத்துக்கு வந்த கால் மிஷின். அதுல ஊசி உடஞ்சா எனக்குச் சோறு இல்ல.

நூலுக்குப் பருத்தி வேண்டாம், ஈரத்துல இத்துப் போயிரும். பாலியெஸ்டர் நூல் வாங்கு. நூலைப் பத்தி இந்த ஆத்துக்கரையில யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியது இல்ல. 1880-கள்ல ஹார்வி அண்ணன் தம்பிங்க பாபநாசத்து அருவித் தண்ணி வேகத்துலயே மில்லு ஓட்டுனாவ. விக்கிரமசிங்கபுரம் அந்த மில்லுச் சங்கு ஊதுதைக் கேட்டுத்தான் எந்திரிக்கும், தூங்கும். பிற்பாடு மதுரா கோட்ஸ்னு ஆச்சு. தாமிரபரணி மேக்க நூலு நூத்துச்சு, நடுவுல நெல்லு குடுத்துச்சு, ஓரத்துல கோரை குடுத்துச்சு.

கோரைன்னதும் ஒன் மூஞ்சி மலருது. தெரியும்டே, பத்தமடைப் பாயை வாங்கி ஃபோமைச் சுத்தித் தச்சிரலாம்னு ஒரு யோசனை வச்சிருக்க. யோசனை நல்லதுதான், தைக்கத்தான் தெரியல. சேரன்மாதேவி போற வழியில இருக்க அந்த ஊருல லெப்பைமார் வீட்டுப் பொம்பளைங்க அதை நெய்யுத விதத்தை உக்காந்து பாத்தா நீ கத்திரியத் தொடவே மாட்ட. ஆத்துக்கரைக் கோரைய அறுத்து, பச்சையிலயே கீறி, காய வச்சு, சன்ன ரகத்துக்கு நாள் கணக்கா ஓடுத தண்ணியில ஊற வைப்பாவ. அது ஊறி உப்பும். பொறவு எடுத்துக் காய வச்சு, இன்னும் சன்னமா கீறுவாவ. பாவு நூலு, ஊடு கோரை. பட்டு மாதிரி மடங்குத ரகம் ஒண்ணு முடிய வாரக் கணக்கா ஆகும். கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டு நெய்வாவ. 1953-ல எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு ஒண்ணு போச்சுன்னு அந்த ஊரே பெருமையா சொல்லும். 2013-ல புவிசார் குறியீடும் வந்துட்டு. அந்த ஊருல 1887-ல பொறந்தவருதான் சுவாமி சிவானந்தர். டாக்டருக்குப் படிச்சு, மலேயாவுல வேலை பாத்து, எல்லாத்தையும் விட்டுட்டு ரிஷிகேசம் போயி, தரையில உக்காந்து உலகத்துக்கே யோகம் சொன்னாரு. அவரு பத்தமடைக்காரர், எங்க உக்காரணும்னு அவருக்குத் தெரியும்.

அந்தப் பாயைக் கொண்டுபோயி ஃபோம் மூலையில மடக்கி இழுத்துத் தைப்பியாக்கும்! முரட்டுக் கோரைன்னா மடிச்ச இடத்துல முறியும், சன்னம்னா நீ உக்காந்து எந்திரிக்கும்போது ஊடு நகந்து பல்லு இளிக்கும். பாயை மடிக்கக் கூடாது, சுருட்டணும். அவங்களே பை தைக்காவ, மேசை விரிப்புத் தைக்காவ, ஆனா ஓரத்துல துணிப் பட்டி வச்சுத்தான் தைக்காவ. நீயும் அப்படிச் செய். மெத்தை உறைக்குக் கெட்டியான கான்வாஸ் துணி போடு, அதை முதல்ல தண்ணியில நனச்சுக் காய வச்சு அயர்ன் பண்ணிட்டு வெட்டு, இல்லன்னா முதல் துவைப்புல சுருங்கி, ஃபோம் உள்ள போகாது. அது மேல பாயை அளவா வாங்கி, நாலு ஓரமும் துணிப் பட்டி அடிச்சு, மூலைக்கு ஒரு நாடா வச்சுக் கட்டு. பகல்ல உக்காரக் குளுமையா இருக்கும், ராத்திரி முதுகுல காத்துப் போகும். மழைக் காலத்துல அவுத்துச் சுருட்டி வீட்டுல வச்சிரு. பூட்டுன வண்டிக்குள்ள ஈரத்தோட கெடந்தா மூணே நாளுல பூசணம் பூத்துரும்.

அடிப் பலகைய மறந்திராத. எல்லாரும் மேலயே பாப்பாவ. 12 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட்டு, 710 ஐ.எஸ். முத்திரை உள்ளதா பாத்து வாங்கி, அரை அடிக்கு ஒண்ணா ஒரு அங்குல ஓட்டை போடு. மனுசன் தூங்கும்போது வியர்வை கீழதான் இறங்கும். ஓட்டை இல்லாத பலகைன்னா அது அங்கனயே தங்கி, ஃபோமோட அடி கறுக்கும். நம்ம நார்க்கட்டில்ல ஏன் பூசணம் புடிக்கல? பனை நாரு முழுக்க ஓட்டை. எங்க தாத்தாவுக்கு இதெல்லாம் தெரிஞ்சு செய்யல, துட்டு இல்ல, பனை இருந்துச்சு.

சட்டமும் ஒண்ணு இருக்கு. மெத்தைய எப்படி வேணும்னாலும் தை, ஆர்.டி.ஓ. கேக்க மாட்டாரு. சீட்டையே எடுத்துட்டுக் கட்டிலை ஆணியடிச்சு நிறுத்துனா கேப்பாரு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. புக்குல இருக்கதுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்கு. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் சொல்லுச்சு. அதனால வேணும்கும்போது மாட்டி, வேண்டாம்கும்போது கழத்துத மாதிரி செய். யாராவது கேட்டா சாமான்னு சொல்லிக்கிடலாம். சாமானுக்குள்ள நீ படுத்திருந்தா அதுக்கு என்ன பதில்னு எனக்குத் தெரியாது.

இதெல்லாம் தச்சு எங்க போகப் போற? காரையாத்துல போய் ராத்திரி நிறுத்தப் போறேன்னா, அது 1988-லயே புலிகள் காப்பகமாயிட்டு. ஆடி அமாவாசைக்கே நாளை எண்ணித்தான் விடுதாவ. அங்க ராத்திரி வண்டிக்குள்ள படுத்து எந்திரிக்கதுக்குப் புலிக்கு மட்டுந்தான் உரிமை, அதுக்கும் மெத்தை வேண்டாம். குத்தாலம் போவியா? சீசன்ல அங்க வண்டி நிறுத்த எடம் கிடைச்சா அதுவே பெரிய பாக்கியம், படுக்க வேற ஆசைப்படாத. மலை தாண்டிக் கேரளா போ. அங்க 2021-ல கவர்மெண்டே கேரவன் வச்சு ஊரு சுத்துங்கன்னு திட்டம் போட்டாவ. என்னையும் கூட்டிட்டுப் போ, முன் சீட்டு வேண்டாம், சூடு.

அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுதேன், கேட்டா கேளு. எந்தத் தையக்காரனும் முதல் துணியிலயே கோட்டு தைக்கல. மொத மொத ஆறடி மெத்தையில கை வச்சா, துணியும் போவும், துட்டும் போவும். சின்னதா ஒண்ணு தச்சுக் கைப் பழக்கம் பண்ணிக்கோ. மூலை இல்லாததா, ஜிப்பு இல்லாததா, நாலே நாலு நேர் தையல் உள்ளதா இருந்தா நல்லது. அப்படி ஒரு சாமான் கிடைக்கது கஷ்டந்தான்... யோசிச்சுப் பாத்தா, தார்சாவுல என் சாய்வு நாற்காலி ஒண்ணு கெடக்கு. போன தைப் பொங்கலுக்கே துணி நடுவுல விட்டுப் போச்சு. நான் ஓரமா ஒண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், யார்கிட்டயும் சொல்லல. மேல ஒரு கம்பு, கீழ ஒரு கம்பு, ரெண்டு முனையிலயும் கம்பு நுழைய மடிச்சுத் தைக்கணும், பக்கத்துக்கு ஒரு மடிப்பு, அவ்வளவுதான். ஒனக்கு நல்ல பழக்கமாகும்.

அளவு எழுதிக்கோ. பழைய துணியையே கழத்தி வச்சிருக்கேன், மேல் அம்பும் போட்டு வச்சிருக்கேன். கான்வாஸ் நனச்சுக் காய வச்சு மடிச்சு அந்த மரப்பெட்டிக்கு மேல இருக்கு. மிஷினுக்கு நேத்தே எண்ணெய் விட்டாச்சு. ஊசி 18 நம்பர் மாட்டியிருக்கேன். கோடு போட்ட துணிதான், பச்சைக் கோடு நேரா வரணும், கோணலா வந்தா பிரிச்சுத் தைக்கச் சொல்லுவேன். அத்தை மத்தியானம் படுத்த பொறவு ஆரம்பி, சாயந்திரம் காப்பிக்கு நான் சாஞ்சிருக்கணும்.